சொந்த நிலத்து மண் அணை: காவலும் மராமத்தும்

கல்வராயன் மலைமேல் பெய்யும் மழை ஓடை ஓடையாகத் திரண்டு, கோமுகி, மணிமுத்தா முதலிய ஆறுகளாகக் கீழிறங்கிக் கள்ளக்குறிச்சிச் சீமையின் நெல்லுக்கும் கரும்புக்கும் மரவள்ளிக்கும் உயிராதாரமாக நிற்கிறது. இந்த ஜலத்தைத் தேக்கும் பொருட்டுக் கச்சிராயபாளையத்தின் அருகே கோமுகி அணை 1965-ம் வருஷத்திலும், அதன் பின் மணிமுத்தா அணை 1970-ம் வருஷத்திலும் கட்டி முடிக்கப்பட்டன. முன்னதில் 46 அடி உயரமும் பின்னதில் 36 அடி உயரமும் ஜலம் நிறுத்தலாம். இரண்டும் மண் கரையுடைய அணைகளே. இவற்றின் மட்டத்தை அளக்கவும், ஷட்டர்களை இயக்கவும், கரையைச் சுற்றிப் பார்க்கவும் ஸர்க்கார் எஞ்சினீயர்களும் சிப்பந்திகளும் இருக்கிறார்கள்.

ஆனால் ஒரு விவசாயி தன் பட்டா நிலத்தின் சரிவில், மழை ஜலம் வீணே ஓடாதபடி 12 அடி அல்லது 15 அடி உயரத்திற்கு மண் கரை போட்டுத் தேக்கிக்கொள்ளும் சிறு அணைக்கு அத்தகைய காவல் ஏதும் இல்லை. அதற்கு எஞ்சினீயரும், மடை காப்பவரும், மராமத்துச் செலவு கொடுப்பவரும் அந்நிலத்துச் சொந்தக்காரர் ஒருவரே. அவர் கவனித்தால் அணை இரண்டு தலைமுறைக்கு உதவும். அவர் கவனியாவிட்டால் அது ஓர் ஐப்பசி இரவில் உடைந்து, அவருடைய பயிரை மாத்திரமன்றிக் கீழே குடியிருப்பவர்களின் வீட்டையும் உயிரையும் கொண்டுபோகும்.

இங்கே முக்கியமாகச் சிந்திக்கத்தக்க விஷயம் ஒன்று உண்டு. அணையினால் வரும் லாபம் மேலே இருப்பவருக்கு. அபாயமோ கீழே இருப்பவருக்கு. கீழே தாழ்ந்த நிலத்தில் குடிசை போட்டு வசிக்கும் கூலி ஜனங்களுக்கு அந்த ஜலத்தில் ஒரு குடம் பாத்தியதைகூட இராது. ஆயினும் கரை உடைந்தால் முதலில் நனைவது அவர்களுடைய அடுப்பே. மலையடிவாரத்துச் சிற்றூர்கள் முதல் கள்ளக்குறிச்சியைச் சேர்ந்த கருணாபுரம் வரையில், மேலே தேங்கும் ஜலத்தின் நன்மையும் தீமையும் கீழே இறங்கியே தீரும். ஆகவே இது தனி மனிதரின் காரியம் என்று விட்டுவிடத்தக்கதன்று. கூட்டுறவுச் சங்கத்து அங்கத்தினர் யாவரும் அறியவேண்டியதாகும்.

சிறு அணையின் பெரும் பலம்

"குட்டைதானே, இதில் என்ன ஆபத்து?" என்பது சாதாரணமாகக் கேட்கப்படும் கேள்வி. கணக்குப் போட்டுப் பார்த்தால் விடை கிடைக்கும். 2 ஏகர் பரப்பில் சராசரி 8 அடி ஆழம் ஜலம் நிற்கிறது என்று கொள்வோம். ஓர் ஏகர் என்பது 43,560 சதுர அடி. எனவே தேங்கிய ஜலம் ஏறக்குறைய 7 இலட்சம் கன அடி. அதாவது சுமார் 2 கோடி லிட்டர். இதன் எடை ஏறக்குறைய 20,000 டன். கரை உடைந்து இவ்வளவும் அரை மணி நேரத்தில் வெளியேறுமாயின், விநாடிக்குச் சராசரி 390 கன அடி ஜலம் ஓடும். உடைப்பு அகலும் சமயத்தில் வேகம் இதைவிடப் பன்மடங்காகும். வழக்கமாக முழங்கால் அளவு ஓடும் ஓடையில் இந்த ஜலம் இறங்கினால் இரு கரையிலும் என்ன மிஞ்சும் என்பதை அவரவரே ஊகிக்கலாம்.

இது வெறும் கணக்கு அன்று. ஆப்பிரிக்காக் கண்டத்துக் கென்யா தேசத்தில் ஸோலாய் என்னுமிடத்தில், ஒரு தனியார் பண்ணைக்குச் சொந்தமான மண் அணை, 2018-ம் வருஷம் மே மாஸம் 9-ம் தேதி இரவு, பெருமழைக்குப் பின் உடைந்தது. கீழே வசித்த ஏழை ஜனங்களில் 47 பேருக்குக் குறையாமல் இறந்தனர். அவர்களில் சிறு குழந்தைகளும் அநேகர்.

மேலும், ஓர் ஏரி உடைந்தால் அத்துடன் நிற்பதில்லை. ஒரே ஓடையில் கோத்தாற்போல் அமைந்துள்ள ஏரிகளில் மேல் ஏரியின் வெள்ளம் கீழ் ஏரியையும் உடைக்கும். 1903-ம் வருஷம் நவம்பர் மாஸத்தில், மைசூர் ராஜ்யத்தில் இருந்த பேத்தமங்கலம் ஏரி உடைந்து பாலாற்றில் வந்த வெள்ளம், வெகு தூரத்திற்குக் கீழே இருந்த வாணியம்பாடி நகரத்தையே பாழாக்கியது. மேலே உடைந்த ஏரியைக் கண்ணால் கண்டறியாதவர்களே கீழே மாண்டவர்கள்.

பொறுப்பு யாருடையது?

தனியார் ஏரி உடைந்தால் நஷ்டத்திற்கு ஜவாப்தாரி யார் என்னும் வழக்கு சென்னை ராஜதானியிலேயே நடந்திருக்கிறது. அக்காலத்தில் வட ஆற்காடு ஜில்லாவைச் சேர்ந்திருந்த கார்வேட்டிநகரம் ஜமீனில் இரண்டு ஏரிகள் பெருமழையில் உடைந்தன. அந்த வெள்ளம் சென்னை ரெயில்வே கம்பெனியாரின் பாதையையும் மூன்று பாலங்களையும் அழித்தது. கம்பெனியார் ஜமீன்தார்மீது நஷ்டஈடு கோரினர். லண்டன் பிரிவி கவுன்சில் 1874-ம் வருஷத்தில் ஜமீன்தாருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

இத்தீர்ப்பை அரைகுறையாகக் கேட்டவர், "ஏரி உடைந்தால் சொந்தக்காரருக்குப் பொறுப்பில்லை" என்று எண்ணிவிடக்கூடும். அது தவறு. ஜமீன்தார் தப்பியதற்குக் காரணங்கள் வேறு. அவ்வேரிகள் புராதனமானவை, குடிகளின் பாசனத்திற்கு இன்றியமையாதவை, அவற்றைக் காத்துவருவது ஜமீன்தாருக்குக் கடமையாயிருந்ததேயன்றி, வேண்டாமென்று எடுத்துவிட அவருக்கு அதிகாரம் இல்லை, மராமத்தில் அவருடைய அஜாக்கிரதையும் ருஜுவாகவில்லை. இதற்கு ஆறு வருஷங்களுக்கு முன், 1868-ம் வருஷத்தில், இங்கிலாந்தில் வேறுவிதமான தீர்ப்பு ஒன்று பிறந்திருந்தது. ஓர் ஆலைக்காரர் தம் உபயோகத்திற்காகத் தம் நிலத்தில் புதிதாகக் கட்டிய நீர்த்தேக்கத்தின் ஜலம், பூமிக்குள் இருந்த பழைய சுரங்க வழியாகப் புகுந்து அயலார் சுரங்கத்தை மூழ்கடித்தது. தம் லாபத்திற்காக ஆபத்தான பொருளைத் தம் நிலத்தில் சேர்த்துவைப்பவர், அது வெளியேறி அயலாருக்கு விளைக்கும் தீங்குக்கு, கவனக்குறைவு ருஜுவாகாவிட்டாலும் பொறுப்பாளி என்று அங்கே முடிவாயிற்று.

இவ்விரண்டு தீர்ப்புகளையும் ஒருங்கே பார்த்தால் அங்கத்தினர் அறியவேண்டிய நீதி விளங்கும். ஊருக்குப் பொதுவான பழைய ஏரியின் நிலை வேறு. ஒருவர் தம் ஆதாயத்திற்காகப் புதிதாகப் போட்ட கரையின் நிலை வேறு. பின்னவர் கார்வேட்டிநகரம் தீர்ப்பை நம்பிக் கவலையற்றிருத்தல் தகாது. முன்னவர்கூட மராமத்தை ஒழுங்காகச் செய்திருந்தால்தான் தலை நிமிர்ந்து நிற்கமுடியும்.

இந்தியாவில் 2021-ம் வருஷத்தில் அணைப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 15 மீட்டருக்கு, அதாவது சுமார் 49 அடிக்கு மேற்பட்ட அணைகளும், 10 முதல் 15 மீட்டர் வரை உயரமுள்ளவற்றில் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டவையும் அச்சட்டத்தின் கண்காணிப்பில் அடங்கும். 15 அடிக் கரை போட்டவரை அந்தச் சட்டத்து அதிகாரி எவரும் வந்து விசாரிக்கப்போவதில்லை. எவரும் விசாரியாத இடத்தில் தாமே விசாரித்துக்கொள்வதுதான் விவேகம். மேலும், புறம்போக்கு ஓடையை ஸர்க்கார் அனுமதியின்றி மறித்துக் கரை போடுதல் கூடாது என்பதையும் மறத்தலாகாது.

முதல் அபாயம்: கரை மேல் ஜலம் வழிதல்

மண் அணைகள் உடைந்ததற்கான காரணங்களை உலகமெங்கும் ஆராய்ந்தவர்கள், பெரும்பாலானவை இரண்டே விதமாக உடைகின்றன என்று கண்டார்கள். ஒன்று, ஜலம் கரைக்கு மேலே வழிதல். மற்றொன்று, கரைக்கு உள்ளே அரித்தல்.

கருங்கல் அணையின்மேல் ஜலம் வழிந்தால் அது சில நேரம் தாங்கும். மண் கரை தாங்காது. வழியும் ஜலம் வெளிச்சரிவை அரித்து, அரித்த இடத்தில் மேலும் திரண்டு, சில நாழிகைக்குள் கரையை இரு கூறாக்கிவிடும். ஆதலால் வெள்ளம் கரையின் உச்சியை எட்டுமுன் அதை வெளியே விடும் கலுங்குதான் மண் அணையின் உயிர். கலுங்கு இல்லாத மண் அணை, மூடி திறவாத கொதி பானையைப் போன்றது.

கலுங்கு எவ்வளவு நீளம் வேண்டும்? சென்னை ராஜதானியில் எஞ்சினீயராயிருந்த ரைவ்ஸ் என்பவர் 1884-ம் வருஷத்தில் வகுத்த சூத்திரம் இதற்கு இன்றும் துணை செய்யும். மலையடுத்த சிறு நிலப்பரப்புக்கு, பரப்பைச் சதுர மைலில் கண்டு, அதற்கு மூன்றில் இரண்டு என்னும் வர்க்கம் ஏற்றி, 675-ஆல் பெருக்கினால் விநாடிக்கு வரக்கூடிய வெள்ளம் கன அடியில் கிடைக்கும். அரைச் சதுர மைல், அதாவது 320 ஏகர் சரிவிலிருந்து ஜலம் வரும் அணைக்கு இக்கணக்கின்படி விநாடிக்குச் சுமார் 425 கன அடி வெள்ளம் வரலாம். கலுங்கின்மேல் 2 அடி ஆழம் ஜலம் ஓடுவதானால் இதை வெளியேற்றச் சுமார் 50 அடி நீளம் வேண்டும். 1 அடி ஆழந்தான் ஓடலாம் என்றால் ஏறக்குறைய 140 அடி நீளம் வேண்டும். ஆழம் பாதியானால் நீளம் இரண்டு மடங்கு அன்று, ஏறக்குறைய மூன்று மடங்கு ஆகிறது என்பதைக் கவனிக்க.

இதிலிருந்து மிக முக்கியமான பாடம் ஒன்று பிறக்கிறது. கார்த்திகைக் கடைசியில் இன்னும் ஓர் அடி ஜலம் சேர்த்துக்கொள்ளும் ஆசையால், கலுங்கின்மேல் மணல் மூட்டைகளை அடுக்குவது பலரிடம் காணப்படும் வழக்கம். 2 அடி ஆழம் ஓடும்படி அமைத்த கலுங்கில் 1 அடி மூட்டை அடுக்கினால், கரைக்கு அபாயமில்லாத அதே நீர்மட்டத்தில், கலுங்கு வெளியேற்றும் ஜலம் பாதியாகக் குறைவதில்லை. நூற்றுக்கு 35 பங்காகக் குறைந்துவிடுகிறது. மீதி 65 பங்கு கரை மேல் ஏறப் பார்க்கும். பழைய ஏரிகளின் கலுங்கில் நட்டிருக்கும் கற்களுக்கிடையே பலகையும் களிமண்ணும் வைத்து ஜலத்தை உயர்த்துவதுண்டு. ஆனால் அது பெருமழைக் காலம் நன்றாகக் கழிந்த பிறகு, காவல் ஆள் வைத்துச் செய்யத்தக்க காரியம். மழை மேகம் வானத்தில் இருக்கும்போது செய்யத்தக்கதன்று.

அமெரிக்காவில் பென்ஸில்வேனியாவில் ஸவுத் போர்க் என்ற மண் அணை, செல்வந்தர்களின் மீன்பிடி விளையாட்டுச் சங்கம் ஒன்றுக்குச் சொந்தமாயிருந்தது. அணையின் அடியில் ஜலம் விடும் குழாய்களை முன்பே எடுத்துவிட்டிருந்தார்கள், மீண்டும் வைக்கவில்லை. வண்டிப் பாதைக்காகக் கரை உச்சி தாழ்த்தப்பட்டது. மீன்கள் தப்பாதிருக்கக் கலுங்கின் குறுக்கே கம்பி வலை அமைக்கப்பட்டது; அதில் குப்பை வந்து அடைத்துக்கொண்டது. 1889-ம் வருஷம் மே மாஸம் 31-ம் தேதி அணை உடைந்து, கீழே இருந்த ஜான்ஸ்டவுன் நகரில் 2,209 பேர் மாண்டனர். இம்மூன்று குற்றங்களில் எதுவும் பெரும் பொருட்செலவால் நீக்கவேண்டியதாயிருக்கவில்லை. சிறு அணையில் மீன் வளர்ப்பவர்களும், கரைமேல் டிராக்டர் பாதை வைத்திருப்பவர்களும் இதைத் தம் அணையுடன் ஒப்பிட்டுப் பார்ப்பது நலம்.

கரையின் உச்சி, கலுங்கில் உச்ச வெள்ளம் ஓடும்போது இருக்கும் நீர்மட்டத்திற்கு மேல் குறைந்தபட்சம் 3 அடி உயர்ந்திருக்கவேண்டும். புதுக்கரை நாளடைவில் அமிழும். ஆகையால் 15 அடிக் கரையை ஏறக்குறைய ஓர் அடி கூட்டியே போடவேண்டும். கரையின் நடுப்பாகம் பள்ளமாயிருந்தால், வெள்ளம் முதலில் வழிவது அவ்விடத்திலேயே ஆகும். வண்டித் தடத்தால் தேய்ந்த பள்ளங்களைப் புரட்டாசிக்குள் நிரப்பிக் கெட்டிப்படுத்தவேண்டும்.

இரண்டாம் அபாயம்: உள்ளே அரித்தல்

மண் கரையில் சிறிது ஊற்றுக் கசிவது இயல்பு. கசியாத மண் கரை கிடையாது. கசிவு ஜலத்தின் நிறமே நல்லது கெட்டதைக் காட்டும் அடையாளம். தெளிந்த ஜலம் ஒரே அளவாக வந்துகொண்டிருந்தால் பயமில்லை. கவனித்து வந்தால் போதும். கலங்கிய ஜலம் வருமாயின், அது கரையின் மண்ணைச் சுமந்து வருகிறது என்று அறியவேண்டும். உள்ளே ஒரு குழல் உண்டாகி, அது வெளிப்புறத்திலிருந்து உட்புறமாக வளர்ந்துகொண்டிருக்கிறது. அது ஜலத்தைத் தொட்ட நாளில் கரை போய்விடும். அளவு மாறுவதும் கெட்ட அறிகுறியே. நேற்று ஒரு குடம் நிரம்பக் கால் நாழிகை ஆனது இன்று அதில் பாதி நேரத்தில் நிரம்பினால், உடனே பார்க்கவேண்டும். ஒரு குடமும் ஒரு கடிகாரமும் இதற்குப் போதுமான கருவிகள்.

கசிவு பெரும்பாலும் மதகின் குழாய் ஓரமாகவே தொடங்குகிறது. குழாய்க்கும் மண்ணுக்கும் இடையே கெட்டிப்பு ஒருபோதும் நன்றாக அமைவதில்லை. தற்காலத்தில் கரையை வெட்டிப் பிளாஸ்டிக் குழாய் புதைத்து மண்ணைத் தள்ளி மூடிவிடுகிறார்கள். அக்குழாயைச் சுற்றி 6 அங்குலம் 6 அங்குலமாக ஈரமண் போட்டு இடித்துக் கெட்டித்திருக்கவேண்டும். குழாயின் வெளிவாய் அருகில் அதைச் சுற்றிலும் மணலும் ஜல்லியும் இட்டு, கசிவு ஜலம் மண்ணைக் கொண்டுவராமல் தெளிந்து வடியும்படி செய்யவேண்டும். மோட்டார் கம்பிக்காகவோ சொட்டுநீர்க் குழாய்க்காகவோ பின்னால் கரையைக் குறுக்கே வெட்டுதல் அறவே கூடாது.

இலங்கையில் திருகோணமலைக்குத் தெற்கே உள்ள கந்தளாய்க் குளம் பல நூற்றாண்டுகளாக நின்ற பெரிய அணை. 1986-ம் வருஷம் ஏப்ரல் மாஸம் 20-ம் தேதி விடியுமுன், மழைவெள்ளம் ஏதுமில்லாத சமயத்தில், அது உடைந்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கரைமேல் மிகக் கனத்த வாகனங்கள் சென்றது காரணங்களுள் ஒன்றாகச் சந்தேகிக்கப்பட்டது. வானம் வெளுத்திருக்கிறது என்பது அணைக்கு அபாயமில்லை என்பதற்கு அத்தாட்சியன்று. பழைய அணை என்பதும் பத்திரமான அணை என்பதற்கு அத்தாட்சியன்று.

எலி, பெருச்சாளி, நண்டு, முள்ளம்பன்றி ஆகியவற்றின் வளைகளும், கரையான் புற்றுகளும், மர வேர்களும் ஜலத்திற்கு வழி திறக்கும். சீமைக்கருவேலம் முளைத்தவுடனே கையால் பிடுங்கவேண்டும். வளர விட்டபின் வெட்டினால், உள்ளே வேர் மக்கி வெறுங்குழலாகும். வளர்ந்துவிட்ட மரத்தை, ஜலம் குறைந்த சித்திரை வைகாசியில் வேரோடு தோண்டி, குழியைப் படிப்படியாக நல்ல மண்ணால் இடித்து நிரப்பவேண்டும். கரைக்கு ஏற்ற பயிர் அறுகம்புல், வெட்டிவேரும் நல்லது. மரம் கரைக்கு அழகேயன்றிப் பலமன்று.

மூன்றாம் அபாயம்: சரிவு நழுவுதல்

செங்குத்தாகப் போட்ட கரை மழையில் நனைந்து கனத்து நழுவும். சிறு அணைக்கு உட்புறத்தில் 1 அடி உயரத்திற்கு 3 அடி சாய்வும், வெளிப்புறத்தில் 1 அடிக்கு 2 முதல் இரண்டரை அடி சாய்வும் இருத்தல் நலம். டிராக்டரை மேலே ஏற்றவோ கூடுதல் மண் எடுக்கவோ வெளிச்சரிவின் அடியைச் சுரண்டுவோர் கரையின் காலை வெட்டுகிறார்கள். அடியிலிருந்து 20 அடிக்குள் மண் எடுக்கலாகாது.

கரிசல் மண் கோடையில் விரியும். அந்த வெடிப்பில் முதல் மழை ஜலம் இறங்கி நெடுகக் கரையைப் பிளக்கும். ஆதலால் முழுதும் கரிசலாகப் போட்ட கரைமேல் செம்மண் மூடாக்கு இடவேண்டும். கரை உச்சியில் நீள வாட்டத்தில் வெடிப்புக் கண்டால் அது நழுவலின் முன்னறிவிப்பு. மேலும், தேங்கிய ஜலத்தை ஒரே நாளில் அடியோடு இறக்கிவிடுவதும் ஆபத்து. ஜலத்தின் தாங்கல் போய்விட, நனைந்த உட்சரிவு தன் பாரத்தால் சறுக்கும். நாளொன்றுக்கு ஓர் அடி என்னும் அளவில் இறக்குவது முறை.

வருஷாந்தர வேலைத் திட்டம்

வைகாசியில் கரையை வெட்டவெளியாகக் காணும்படி புதர் நீக்கி, மூலைக்கு மூலை நடந்து பார்க்கவேண்டும். வளை, வெடிப்பு, பள்ளம், சாய்வு ஆகியவற்றை ஒரு நோட்டில் இடம் குறித்து எழுதவேண்டும்.

ஆனி, ஆடியில் கண்ட குறைகளுக்கு மராமத்துச் செய்யவேண்டும். வளையைத் தோண்டிக் களிமண் இட்டு இடிக்கவேண்டும். மேலே மண் தூவி மறைப்பது மராமத்து ஆகாது.

புரட்டாசியில் கலுங்கைத் துடைத்து, அதன் கீழ்வாய்க்காலையும் திறந்துவைக்கவேண்டும். மதகின் கதவு ஏறி இறங்குகிறதா என்று கையால் இயக்கிப் பார்க்கவேண்டும். துருப்பிடித்து இறுகிய கதவு, தேவையான நாளில் இல்லாத கதவேயாகும்.

ஐப்பசி, கார்த்திகையில் ஒவ்வொரு மழைக்குப் பின்னும் கரையின் வெளி அடியை நடந்து பார்க்கவேண்டும். 2024-ம் வருஷம் நவம்பர் 30-ம் தேதி புதுச்சேரியருகே கரையேறிய பெஞ்சல் புயலின்போது, அந்நகரில் ஒரே நாளில் சுமார் 48 செண்டிமீட்டர் மழை பெய்தது; மறுநாள் உள்நாட்டில் ஊத்தங்கரையில் சுமார் 50 செண்டிமீட்டர் பெய்தது. புயல் கடலோரத்துக்கு மட்டும் உரியது என்று மலையடிவாரத்தார் எண்ணியிருக்கலாகாது.

தை மாஸத்தில் கசிவின் அளவையும், கரை அமிழ்ந்த அளவையும் நோட்டில் எழுதி, முந்திய வருஷத்து அளவுடன் ஒத்துப் பார்க்கவேண்டும். நோட்டு இல்லாத கண்காணிப்பு, கணக்கு இல்லாத வரவுசெலவைப் போன்றது.

ஆபத்துக் காலத்தில் செய்யவேண்டியவை

முதலாவது, கீழே இருப்பவர்களுக்கு அறிவித்தல். கரையைக் காப்பாற்றிவிடலாம் என்னும் நம்பிக்கையில் அறிவிப்பைத் தாமதப்படுத்துவது மன்னிக்கத்தகாத குற்றம். தண்டோரா, கோயில் ஒலிபெருக்கி, தொலைபேசி ஆகிய எதுவும் உதவும். கிராம நிர்வாக அலுவலருக்கும், ஜில்லாக் கலெக்டர் அலுவலகக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077 என்னும் எண்ணிலும் தெரிவிக்கவேண்டும். உடைந்தபின் மன்னிப்புக் கேட்பதைவிட, உடையாத அணைக்காக ஓர் இரவு பள்ளிக்கூடத்தில் படுத்திருப்பது யாருக்கும் நஷ்டமில்லை.

இரண்டாவது, ஜலத்தை இறக்குதல். மதகைத் திறக்கவேண்டும்; கலுங்கின் தடைகளை நீக்கவேண்டும். அதுவும் போதாவிட்டால், கரையை வெட்டாமல், கரை முடியும் இடத்துக்கு அப்பால் கெட்டியான இயற்கைத் தரையில் வாய்க்கால் வெட்டி விடவேண்டும். நிரம்பிய அணையின் மண் கரையில் வெட்டிய சிறு வாய்க்கால் சில நிமிஷங்களில் உடைப்பாகிவிடும்.

மூன்றாவது, கலங்கிய ஊற்றுக்குச் சிகிச்சை. வெளிப்புறத்தில் ஊற்று வரும் துளையைக் களிமண்ணாலோ சாக்காலோ இறுக அடைப்பது எல்லோருக்கும் முதலில் தோன்றும் யுக்தி. அதுவே பெருந்தவறு. அடைபட்ட ஜலம் உள்ளே அழுத்தம் மிகுந்து வேறிடத்தில் பலமாகப் பிறிக்கொண்டு வரும். செய்யத்தக்கது யாதெனில், ஊற்றின்மேல் முதலில் பருமணல், அதன்மேல் சிறு ஜல்லி, அதன்மேல் பெருங்கல் என்று படிப்படியாக இட்டு, சுற்றிலும் மணல் மூட்டையால் வளையம் கட்டுவது. ஜலம் வரட்டும்; மண் வரலாகாது. அடைக்கவேண்டியது ஜலம் புகும் உட்புறத்து வாயை. அங்கே சுழி காணப்பட்டால் வைக்கோல், சாக்கு, களிமண் ஆகியவற்றை அவ்விடத்தில் இறக்கலாம். ஆனால் இடுப்பில் கயிறு கட்டாமல் யாரும் ஜலத்தில் இறங்கலாகாது.

சங்கம் செய்யத்தக்கது

கூட்டு உழைப்பால் ஏரி காப்பது இந்நாட்டுக்குப் புதிதன்று. குடிமராமத்து என்னும் பழைய வழக்கம் இருந்தது; கரை உடையும் ஆபத்தில் ஊராரை உதவிக்கு அழைக்க 1858-ம் வருஷத்தில் சென்னை ராஜதானியில் சட்டமே ஏற்பட்டது. 1904-ம் வருஷத்துச் சட்டத்தின் கீழ்த் தோன்றிய ஆதி கிராம ஐக்கிய நாணய சங்கங்களில் அங்கத்தினரின் பொறுப்பு வரையறையற்றதாயிருந்தது. ஒருவர் கடன் தீர்க்கத் தவறினால் எல்லோரும் தாங்கவேண்டும். ஆகையால் ஒருவருடைய வயலை மற்றவர் கவனிப்பது தலையீடாகக் கருதப்படாமல் கடமையாகக் கருதப்பட்டது. சட்டம் மாறினாலும் அந்த உண்மை மாறவில்லை. அணை உடைந்து மூன்று பேருடைய கரும்பு மணல் மூடினால், மூன்று பேருடைய கடனும் சங்கத்துக் கணக்கில் தவணை தவறியதாகவே நிற்கும்.

ஆகவே ஒவ்வொரு சங்கமும் நான்கு காரியங்கள் செய்யலாம். தன் எல்லைக்குள் அங்கத்தினருக்குச் சொந்தமான மண் அணைகளின் ஜாபிதா ஒன்றை, உயரம், கலுங்கு நீளம், கீழே உள்ள வீடுகளின் தொகை ஆகிய விவரங்களுடன் தயாரிக்கலாம். வைகாசியிலும் புரட்டாசியிலும் அங்கத்தினர் மூவர் சேர்ந்து ஒவ்வோர் அணையையும் பார்த்து நோட்டில் கையெழுத்திடும்படி மகாசபையில் தீர்மானிக்கலாம். சட்டத்துக்கும் துணைவிதிகளுக்கும் உட்பட்டு, லாபத்திலிருந்து சிறு தொகையை மராமத்து நிதியாக ஒதுக்கலாம். கீழ்க் குடியிருப்பிலிருந்து ஒருவரை, அவர் அங்கத்தினராக இல்லாவிடினும், பரிசோதனைக்கு உடன் அழைக்கலாம். இந்நான்கில் கடைசியானதற்குச் செலவே இல்லை. ஆயினும் அதுவே மிகப் பயனுள்ளது. கரையின் வெளி அடியில் தினமும் நடப்பவரும், ஊற்று கலங்கியதை முதலில் காண்பவரும் அவரே. கண்டதைச் சொன்னால் கேட்பார்கள் என்ற நம்பிக்கை அவருக்கு இருக்குமானால், பல உடைப்புகள் நேராமலே போகும்.

ஓர் அடி ஜலம் குறைந்தால் ஒரு தண்ணீர்க் கட்டு குறையும்; மறு வருஷம் அதை ஈடு செய்துகொள்ளலாம். கரை போனால் அணையும் மேல்மண்ணும் போகும்; அவற்றை ஈடு செய்யப் பல வருஷங்கள் வேண்டும். உயிர் போனால் ஈடு இல்லை. புரட்டாசி பிறப்பதற்குள் அணையுள்ள அங்கத்தினர் ஒவ்வொருவரும் மண்வெட்டியுடன் ஒருமுறை தம் கரையைச் சுற்றி வந்து, கலுங்கின்மேல் அடுக்கிய மூட்டைகள் ஏதேனும் இருந்தால் அன்றே எடுத்துவிடுவார்களாக.